ஏற்காட்டில் படகு தவிர வேறு என்ன இருக்கு?

ஏற்காட்டைப் பற்றி இணையத்தில் தேடிப் பாருங்கள். பாதிப் பக்கங்கள் ஒரே கதையைத்தான் சொல்லும். 1842ல் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ இந்த இடத்தைக் கண்டுபிடித்தாராம். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் எடுத்துப் போட, அவரிடமிருந்து ஹோட்டல்காரர்கள் எடுத்துப் போட, இப்போது யூட்யூபில் பின்னணி இசையோடும் அதே கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். மன்றோ இறந்தது 1827 ஜூலையில். சுற்றுப்பயணம் போன இடத்தில், இன்றைய கர்னூல் மாவட்டத்துப் பத்திகொண்டாவில் காலராவில் போய்ச் சேர்ந்தார். சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறாரே, அந்தச் சிலையையே 1839ல் நிறுவிவிட்டார்கள். ஆக 1842ல் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்றால், தன் சிலைக்கு மூன்று வயது ஆன பிறகு அந்தக் குதிரையிலேயே மலை ஏறியிருக்க வேண்டும். அங்கவடி கூட இல்லாத குதிரையில் கொண்டை ஊசி வளைவு ஏறுவது ரொம்பச் சிரமம் :-)

மன்றோவுக்கும் சேலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. 1792ல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவருக்கு உதவியாளராக 1799 வரை இந்தப் பக்கம் நிலம் அளந்து வரி போட்டவர்தான். எப்போதோ இங்கே இருந்தவர், பிறகு கவர்னரானவர், 1842 என்று ஒரு வருடம். மூன்றையும் யாரோ ஒரே வாக்கியத்தில் போட்டுக் குலுக்கிவிட்டார்கள். இதைவிடப் பெரிய வேடிக்கை 'கண்டுபிடித்தார்' என்கிற சொல். மலைமேல் ஊர்களும் கோயிலும் அந்தக் கோயிலுக்குத் திருவிழாவும் இருந்தன. இல்லாத ஊரை அல்லவா கண்டுபிடிக்க வேண்டும்?

ஒரு தப்பான வருடத்துக்கு எதற்கு இவ்வளவு அலட்டல் என்று கேட்பீர்கள். என் கவலை வருடம் இல்லை. அந்தத் தப்பைப் பார்த்து "தம்பி, அது அப்படி இல்லை" என்று சொல்ல மலையில் ஓர் இடம் வேண்டும். சேலத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மலைமேல், இந்த மலையின் கதையை மட்டும் சொல்கிற மாதிரி, பயணி ஒருத்தர் டிக்கெட் வாங்கி நுழைகிற ஒரு கட்டடம் என் கண்ணில் பட்டதில்லை. நானும் சேலத்துக்காரன், ஏற்காட்டுக்கு எத்தனையோ தடவை போனவன். போனால் ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கரடிக் குகை, கீழே இறங்கு. என் வகுப்பில் பத்துப் பேரைக் கேட்டாலும் இதே பட்டியல்தான் வரும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காசில்லாதவர்கள் போகிற இடம் என்று 'ஏழைகளின் ஊட்டி' பட்டம் வேறு.

ஆனால் பார்ப்பதற்கு எவ்வளவு இருக்கிறது தெரியுமா?

மலை ஏறுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடலாம். சேலத்திலிருந்து ஏற்காடு சாலையில் போகும்போது ஒரு வளைவு நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. 1935ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. 1938ல் மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' எடுத்தது இவர்கள்தான். 1956ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வண்ணத்தில் வந்ததும் இங்கிருந்துதான். அவ்வளவு பெரிய வளாகத்தில் இன்று அடையாளத்துக்கு மிஞ்சியது நுழைவாயில் மட்டும். பேருந்து அதைத் தாண்டுகிற அரை நிமிடத்தில் எத்தனை பேர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் யாரும் இல்லை. அதன் பிறகு 20 கொண்டை ஊசி வளைவு. அதில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் எலுமிச்சம்பழம் மோந்துகொண்டிருப்பார்கள்.

மேலே போனதும் கிரேஞ்ச். காக்பர்ன் என்று ஒரு கலெக்டர், 1820களில் சேலத்தை ஆண்டவர். (கோபர்ன் என்றுதான் ஆங்கிலேயர்கள் உச்சரிப்பார்கள், நம் ஊரில் காக்பர்ன்தான் நிலைத்துவிட்டது.) 1820 வாக்கில் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டவர் அவர். ஆரஞ்சு, ஆப்பிள், பேரி எல்லாம் அவர் காலத்துச் சோதனைகள். 'ஏற்காட்டின் தந்தை' என்று இவரைத்தான் சொல்கிறார்கள். அவருடைய எஸ்டேட்டும் மாளிகையும்தான் கிரேஞ்ச். வீடு என்பதைவிடச் சின்னக் கோட்டை என்றால் பொருந்தும். 1857 சிப்பாய்க் கலகம் இங்கேயும் வந்துவிட்டால் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒளிந்துகொள்வதற்காக, அடியில் நிலவறை அமைத்து, ஆறு மாதத்துக்கு வேண்டிய சாமான்களைப் போட்டு, மேலே பீரங்கி ஏற்றி வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கலகம் சேலம் வரை வரவே இல்லை.

இதே காக்பர்ன் பிறகு கோத்தகிரிக்குப் போய் அங்கேயும் காபி போட்டார். அவருடைய மகள் மார்கரெட் 1829ல் நம் சேலத்தில் பிறந்தவர். நீலகிரிப் பறவைகளை அவர் வரைந்த ஓவியங்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சேலத்தில் பிறந்த ஒரு பெண்ணின் பறவை ஓவியங்களை லண்டனில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். சேலத்தில் அவர் பெயரைச் சொன்னால் "யாரு?" என்பார்கள்.

இந்த இடத்தில் கோத்தகிரியை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காக்பர்ன் சேலத்துக்குச் செய்ததை, கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்குச் செய்தார். 1819ல் கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா பாழடைந்து கிடந்தது. அதைப் பழுதுபார்த்து, இன்று சல்லிவன் நினைவகமாக, நீலகிரியின் பழைய படங்களும் ஆவணங்களும் உள்ள இடமாக வைத்திருக்கிறார்கள். ஊட்டியில் அவர் கட்டிய கல் பங்களா அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தோடு ஓர் அருங்காட்சியகமும் உண்டு. கொடைக்கானலில் செண்பகனூர் அருங்காட்சியகத்தைச் சேசு சபைப் பாதிரியார்கள் 1895ல் ஆரம்பித்தார்கள். பாடம் பண்ணிய விலங்குகளோடு பழனி மலையில் கிடைத்த பழம்பொருள்களையும் அங்கே பார்க்கலாம். ஆக மலைக்கு வருகிறவன் அருங்காட்சியகத்துக்குப் போகமாட்டான் என்கிற வாதம் பக்கத்து மலைகளிலேயே பொய்த்துப்போய்விட்டது. ஏற்காட்டுக்கு மட்டும் படகு போதும் என்று யார் முடிவு செய்தது?

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஹோலி டிரினிட்டி தேவாலயம். அங்கே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரின் நினைவுக் கல் இருக்கிறது. பெயர் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இந்தியாவில் மனிதனின் வரலாறு எவ்வளவு பழையது என்கிற கேள்வியையே மாற்றிப் போட்டவர். புவியியல் அளவைத் துறையில் வேலை. 1863 மே 30ம் தேதி சென்னை பல்லாவரத்தில் செம்மண் குழி ஒன்றில் ஒரு கல்லை எடுத்தார். சாதாரணக் கல் இல்லை, பழைய கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி. அதே வருடம் செப்டம்பரில் தன் சகா வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கண்டார். அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011ல் ஆய்வுக் கட்டுரை வந்து உலகமே பேசியது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'பல்லாவரம்' என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்தோமே, அந்த வரிக்குச் சொந்தக்காரர்.

அவர் ஓய்வுக்குப் பிறகு வீடு வைத்துக்கொண்டது ஏற்காட்டில். ஐவி காட்டேஜ் என்று பெயர். சேர்வராயன் மலையெல்லாம் அலைந்து கற்கருவிகளைச் சேகரித்தார். தென்னிந்தியா முழுக்கச் சேர்த்த தன் தொகுப்பை 1904ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். உட்கார்ந்து அதற்கு ஒரு பெரிய பட்டியலும் தயாரித்தார். 1912 டிசம்பர் 29ல் கல்கத்தாவில் இறந்தார். பட்டியல் வெளிவந்தது அதற்குப் பிறகு, 1914லும் 1916லும் இரண்டு பகுதிகளாக. அந்தப் பட்டியலில் சேர்வராயன் மலைக் கற்களுக்கும் இடம் உண்டு. இந்த மலைக் கற்கள் ஏற்காட்டில் இல்லை, எழும்பூரில் இருக்கின்றன. நாம் ஏற்காட்டுக்குப் போய்ப் படகு விடுகிறோம்.

கதை இதோடு முடியவில்லை. ஃபூட்டின் முதல் மனைவி எலிசபெத், பீட்டர் பெர்சிவலின் மகள். தமிழ் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் மணி அடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாதிரியாராக இருந்தவர். ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். ஊர் ஊராகப் பழமொழி சேர்த்து 1842ல் யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பும், அதைப் பெருக்கி 1874ல் சென்னையில் 6000க்கும் மேற்பட்ட பழமொழிகளோடு இன்னொரு தொகுப்பும் போட்டவர். 'தினவர்த்தமானி' பத்திரிகை நடத்தியவர், மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அவர் 1882ல் இறந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஏற்காட்டில்தான். (1842 என்ற வருடத்தை விடவே மாட்டோம் என்கிறவர்கள் பெர்சிவலின் முதல் பழமொழித் தொகுப்புக்காக அதை வைத்துக்கொள்ளலாம்.)

மாமனார் தமிழ்ப் பழமொழிகளைச் சேர்த்தார், மருமகன் கற்கோடரிகளைச் சேர்த்தார். இரண்டு பேரும் வாழ்ந்த மலையில் அந்த இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் அதுவே ஓர் அருங்காட்சியகம். பெரிய பட்ஜெட் கூட வேண்டாம். ஒரு பழைய ஓட்டு வீடு, நாலு கண்ணாடிப் பெட்டி, கொஞ்சம் புகைப்படங்கள், தமிழில் ஒழுங்கான விளக்க அட்டைகள் போதும்.

இந்த இடத்தில் ஒரு நண்பன் குறுக்கே வந்தான். "எல்லாம் வெள்ளைக்காரன் கதையாவே இருக்கே, அவன் பங்களாவைக் கும்பிடத்தான் மலை ஏறணுமா?" என்றான். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் அருங்காட்சியகம் கேட்பது அர்த்தமில்லை.

இந்த மலையின் சொந்தக்காரர்கள் மலையாளிகள். இதைச் சொன்னவுடன் விடுதியில் எல்லோரும் கேரளாவா என்பார்கள். இல்லை. மலையை ஆள்கிறவர்கள், மலையாளிகள். தமிழ் பேசுகிறவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்குத்தான், சுமார் மூன்றரை லட்சம் பேர். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பது அவர்கள் சொல்லும் பூர்வீகக் கதை. எந்தத் தம்பி எந்த மலை என்பது ஊருக்கு ஊர் மாறும். அப்படி மாறுவதுதான் வாய்மொழி வரலாற்றின் அழகு. அதைப் பதிவு செய்து, ஒவ்வொரு ஊர்ப் பெரியவர் குரலிலும் கேட்க வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சேர்வராயன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். மலையின் உச்சி, 5,326 அடி. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியிருக்கிற மலைக் கிராமமெல்லாம் திரண்டு வரும். இந்த மலைக்கே பெயர் கொடுத்த சாமி. அதை ஆங்கிலேயர்கள் வாய் புரளாமல் 'ஷெவராய்' ஆக்கினார்கள், நாம் அதையே திரும்ப ஹோட்டல் பலகையில் எழுதிவைத்திருக்கிறோம். பயண வலைத்தளங்களில் இந்தக் கோயிலுக்கு "நல்ல வியூ" என்பதைத் தாண்டி ஒன்றும் இருக்காது. பக்கத்துச் சரிவுகளில் பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டி எடுத்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பினார்கள் என்பதும் வராது. அதுவும் இந்த மலையின் வரலாறுதான்.

காபித் தோட்டமும் அப்படியே. காக்பர்ன் நட்டார் என்று எழுதுகிறோம். கலெக்டர் துரை மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டியிருப்பாரா? காட்டை வெட்டியது, பழம் பறித்தது, மூட்டை சுமந்தது எல்லாம் பெயர் தெரியாத ஆட்கள். மலையில் துரைசாணிகளை டோலியில் உட்கார வைத்துத் தூக்கிப் போன தோள்கள் யாருடையவை? அருங்காட்சியகம் வந்தால் கிரேஞ்சின் படத்துக்குப் பக்கத்திலேயே அந்த டோலியும், காபிப் பழத்துத் தோல் நீக்குகிற பழைய கை இயந்திரமும், சாமையும் தினையும் குத்திய உரலும் இருக்க வேண்டும். பங்களாவுக்கு வைக்கிற அதே அளவு விளக்க அட்டை உரலுக்கும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் என் நண்பன் சொன்னதுதான் சரி, அது வெறும் துரை புராணம்.

இன்னொன்றிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வட தமிழ்நாட்டு மலைப் பகுதிகளில் புதிய கற்காலத்து வழவழப்பான கோடரிகளைச் சின்னக் கோயில்களில் குவித்துவைத்து, பொட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று தொல்லியல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் கட்டுகிறேன் என்று அவற்றைப் போய்த் தூக்கிவரக் கூடாது. நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருத்தன் தேய்த்த கல்லை இன்றைக்கும் ஒருத்தர் தொட்டுக் கும்பிடுகிறார் என்றால், அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. படம் எடுத்து, அளந்து, ஊரின் அனுமதியோடு பட்டியல் போட்டால் போதும். வேண்டியதை எழும்பூரிலிருந்து கேட்கலாம். ஃபூட் கொண்டுபோன சேர்வராயன் மலைக் கற்களில் பத்தைக் கடனாகக் கொடுத்தால் கூட எழும்பூர் குறைந்துபோகாது. 1851ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது, அதனிடம் இல்லாத கல்லா?

கட்டடத்துக்கு எங்கே போவது என்றால், பழைய வீடுகள் ஏற்காட்டில் நிறைய. பெரும்பாலானவை தனியார் கையில். கரடிக் குகைக்குப் பக்கத்து நார்ட்டன் பங்களா மலையின் மிகப் பழைய வீடுகளில் ஒன்று என்கிறார்கள். பள்ளிகளும் உண்டு. சேக்ரட் ஹார்ட் 1894, மான்ட்ஃபோர்ட் 1917. மலையின் நூறு வருடப் புகைப்படங்கள் எங்காவது இருந்தால் இவர்கள் அலமாரியில்தான் இருக்கும் என்பது என் ஊகம். இடம் விற்று ரிசார்ட் ஆவதற்குள் ஒரே ஒரு வீட்டை அரசு வாங்கட்டும். இல்லை, கோடை விழாவுக்கு ஆண்டுதோறும் பந்தல் போடுகிறார்களே, அதில் ஒரு மூலையில் மூன்று நாள் கண்காட்சி வைத்தாவது ஆரம்பிக்கட்டும். பூவில் யானை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டோலி நிற்கட்டுமே.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை போகிறவர்களுக்கு என் யோசனை இது. காலையில் சேலம் அருங்காட்சியகத்தை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் (விடுமுறை நாளா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்). மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவில் வண்டியை ஓரங்கட்டுங்கள். மேலே கிரேஞ்சை வெளியே நின்று பாருங்கள், அது தனியார் இடம், கேட் ஏறிக் குதிக்க வேண்டாம். ஞாயிறு ஆராதனை நேரம் தவிர்த்து ஹோலி டிரினிட்டி போய், கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து, ஃபூட்டின் கல்லைத் தேடுங்கள். சேர்வராயன் கோயிலில் பூசாரி ஓய்வாக இருந்தால் மூன்று அண்ணன் தம்பிகள் கதையைக் கேளுங்கள். அவர் சொல்கிற வடிவத்தைத் தேதி போட்டு எழுதிவையுங்கள், எனக்கும் அனுப்புங்கள். நான் இதுவரை இரண்டு வடிவம் கேட்டிருக்கிறேன், இரண்டும் ஒத்துவரவில்லை.